காஞ்சிபுரம் சந்தையும் சுற்றுக் கிராமக் குடியானவர்களும்

காஞ்சிபுரம் நகரமானது பெரிய காஞ்சிபுரம், சின்னக் காஞ்சிபுரம், பிள்ளையார்பாளையம் என்னும் பகுதிகளை உடையது. இவற்றுள் பிள்ளையார்பாளையம் நகரின் மேற்புறத்தில், கைலாசநாதர் கோயிலுக்கு அருகே, பட்டு நெசவாளர் குடும்பங்கள் நெருங்கி வாழும் இடமாகும். இவர்களில் பெரும்பாலோருக்கு நன்செயும் இல்லை, புன்செயும் இல்லை. அரிசி முதல் கறிவேப்பிலை வரையில் அனைத்தையும் விலைக்கு வாங்கியே ஜீவனம் செய்யவேண்டும். நகரைச் சுற்றிலுமோ ஏரிப் பாசனமும் கிணற்றுப் பாசனமும் உள்ள கிராமங்கள் நிறைந்திருக்கின்றன. அங்கே கத்தரி, வெண்டை, புடல், பாகல், அவரை, கீரை முதலியவை விளைகின்றன. விளைவிப்பவரும் வாங்குபவரும் நாலைந்து கல் தொலைவிற்குள் இருந்தும், கத்தரிக்காய் ஒருவர் தோட்டத்திலிருந்து மற்றவர் அடுப்பிற்குப் போய்ச் சேர்வதற்குள் மூன்று நான்கு கைகள் மாறிவிடுகின்றது. ஒவ்வொரு கை மாறும்போதும் விலை ஏறுகின்றது. ஏறிய விலையில் குடியானவருக்கு வந்து சேருவது சொற்பமே. இந்தக் குறையை நீக்குவதற்குச் சந்தை என்னும் ஸ்தாபனம் எவ்விதம் உதவும், அது உதவவேண்டுமானால் நிலமுடையோரும் கிராம உத்தியோகஸ்தர்களும் செய்யவேண்டியவை எவை என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பழங்காலத்துக் காஞ்சிச் சந்தை

காஞ்சியில் சந்தை புதிதாக ஏற்பட்டதன்று. 10-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆண்ட உத்தம சோழனுடைய செப்பேடுகள் சென்னை எழும்பூர் அரசாங்கப் பொருட்காட்சிச் சாலையில் இருக்கின்றன. கச்சிப்பேடு என்று அக்காலத்தில் வழங்கிய இந்நகரில், நிறுத்து விற்கும் பொருள்களின்மேல் கோல்நிறைகூலி என்றும், அளந்து விற்கும் பொருள்களின்மேல் காலளவுகூலி என்றும் இரண்டு வகை வருமானங்கள் இருந்தன என்பதும், அவை ஊரகத்துப் பெருமாள் கோயிலுக்கு உரியனவாக இருந்தன என்பதும் அந்தச் செப்பேடுகளால் விளங்குகின்றன. அதே சாசனத்தில் காஞ்சியின் நெசவாளர் சேரிகளும் பெயர் குறித்துச் சொல்லப்படுகின்றன. கோயில் காரியங்களை நடத்துவதில் அச்சேரியாருக்குப் பொறுப்பும் இருந்தது.

குடியானவர்கள் இதில் கவனிக்கத்தக்க விஷயம் ஒன்று உண்டு. நிறுப்பதும் அளப்பதும் விற்பவன், வாங்குபவன் ஆகிய இருவருடைய சொந்தக் காரியமாக மாத்திரம் அக்காலத்தில் விடப்படவில்லை. ஆயிரம் வருஷங்களுக்கு முன்பே இந்நகரில் நிறையும் அளவும் கூலி வாங்கிச் செய்யப்படும் பொதுக் காரியமாக இருந்தன. கூலி வாங்கப்பட்ட இடத்தில் கணக்கும் இருந்திருக்கும். காஞ்சிக்குத் தெற்கே உள்ள உத்திரமேரூரில் 919, 921-ஆம் வருஷங்களைச் சேர்ந்த முதற் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகள், ஏரி வாரியம், தோட்ட வாரியம் முதலியவற்றோடு பொன் வாரியத்தையும் கூறுகின்றன. ஏரியைப் பார்த்துக்கொள்ள ஆட்களைத் தெரிந்தெடுத்த அந்த ஊரார், பொன்னைச் சார்ந்த காரியத்திற்கும் தனி வாரியம் வைத்திருந்தார்கள். சந்தைக்கு உயிர்நிலையாவது சரியான எடையும் நம்பத்தக்க நாணயமும் என்பதை நம் முன்னோர் நன்கு உணர்ந்திருந்தனர் என்று இவற்றால் அறியலாம்.

இடைக்காலத்தில் நேர்ந்த குறைகள்

பிற்காலத்தில் சந்தைகளில் பலவித முறைகேடுகள் புகுந்தன. ஊருக்கு ஒரு படியும், கடைக்கு ஒரு தராசும் வழங்கின. சென்னை ராஜதானியில் வீசை என்பது 40 பலமும், மணங்கு என்பது 8 வீசையும் ஆகும். வீசையானது இப்போதைய கணக்கில் சுமார் 1 கிலோ 400 கிராம் எடையுள்ளது. இது சர்க்கார் கணக்கே ஒழிய, சந்தையில் வழங்கிய வீசை இடத்துக்கு இடம் வேறுபட்டது. சரக்கை இறக்கியபின் தரகு, கழிவு, மகமை, தருமம், கூலி எனப் பல பெயர்களால் விலையில் பிடித்தம் செய்வதும், துணிக்கு அடியில் விரல்களைப் பிடித்து விலை பேசுவதும் பல சந்தைகளில் வழக்கமாக இருந்தன. சரக்குக்குடையவன் பக்கத்திலேயே நின்றாலும், தன் சரக்கு என்ன விலைக்குப் போயிற்று என்பதை அறியமாட்டான்.

இந்தியாவின் விவசாய நிலைமையை ஆராய்ந்த ராயல் கமிஷனார் 1928-ஆம் வருஷத்தில் சமர்ப்பித்த அறிக்கையில், ஒழுங்குபடுத்தப்பட்ட சந்தைகள் ஏற்படவேண்டுமென்று வற்புறுத்தினர். சென்னை ராஜதானியில் 1933-ஆம் வருஷத்தில் வியாபாரப் பயிர்களின் சந்தைச் சட்டம் இயற்றப்பட்டது. அதன்கீழ் 1936-இல் திருப்பூரில் பருத்திக்காக முதலாவது ஒழுங்குமுறைச் சந்தை தொடங்கிற்று. பின்னர் 1959-ஆம் வருஷத்துச் சட்டமும், அதற்குப் பின் 1987-ஆம் வருஷத்துச் சட்டமும் இவ்வேற்பாட்டை விரிவாக்கின. எடைகளின் குழப்பத்தைப் போக்க 1956-ஆம் வருஷத்துச் சட்டப்படி மெட்ரிக் முறை வகுக்கப்பட்டு, 1958-ஆம் வருஷம் அக்டோபர் முதல் படிப்படியாக அமலுக்கு வந்தது. வீசையும் மணங்கும் மறைந்து கிலோகிராம் நிலைபெற்றது.

ஆயினும் இச்சட்டங்களால் பருத்தி, நிலக்கடலை, நெல் முதலிய சேமித்து வைக்கத்தக்க விளைபொருள்களுக்கே பெரும் பயன் விளைந்தது. காலையில் பறித்து மாலையில் வாடும் கீரைக்கும் கத்தரிக்கும் நெடுநாள் வரையில் தகுந்த பாதுகாப்பு ஏற்படவில்லை. காஞ்சிபுரத்துக் காய்கறி வியாபாரத்துக்கு ரயில்வே சாலையிலுள்ள ராஜாஜி மார்க்கெட்டு நெடுங்காலமாகக் கேந்திரமாக இருந்துவந்துள்ளது. சென்னைக்குப் போகும் சரக்கு முன்பு கொத்தவால் சாவடியில் இறங்கிற்று. 1996-ஆம் வருஷம் முதல் கோயம்பேட்டுக்குப் போகின்றது. இவை யாவும் வியாபாரிகள் கடை நடத்தும் சந்தைகள். கூடையோடு வரும் குடியானவருக்கு அங்கே உட்கார இடமில்லை. மண்டியில் சரக்கைப் போட்டுவிட்டு, கொடுத்ததை வாங்கிக்கொண்டு திரும்புவதே அவருக்கு வழியாயிற்று.

உழவர் சந்தை ஏற்பட்ட விதம்

விளைவித்தவரே நேரில் வந்து விற்கும் சந்தைகளை அமைக்கும் முயற்சி பஞ்சாபில் 1987-ஆம் வருஷம் அப்னி மண்டி என்ற பெயராலும், ஆந்திரத்தில் 1999-ஆம் வருஷத் தொடக்கத்தில் ரைத்து பஜார் என்ற பெயராலும் நடந்தது. தமிழ்நாட்டில் முதலாவது உழவர் சந்தை 1999-ஆம் வருஷம் நவம்பர் மாதம் 14-ஆம் தேதி மதுரை அண்ணா நகரில், முதலமைச்சர் மு. கருணாநிதி அவர்களால் திறந்துவைக்கப்பட்டது. இரண்டு வருஷங்களுக்குள் நூறுக்கு மேற்பட்ட சந்தைகள் ஏற்பட்டன. காஞ்சிபுரத்திலும் ஒன்று அமைந்தது. 2001-க்குப் பின் சில வருஷங்கள் இச்சந்தைகள் கவனிப்பாரின்றித் தளர்ந்து கிடந்து, 2006-க்குப் பின் மறுபடியும் புத்துயிர் பெற்றன. ராஜாங்கத்தின் ஆதரவு குறைந்த காலத்திலும் குடியானவர் வருகை ஒழுங்காக இருந்த சந்தைகளே பிழைத்து நின்றன என்பதை நாம் மறத்தல் கூடாது.

சந்தை நடக்கும் முறை

உழவர் சந்தையில் கடைக்கு வாடகை இல்லை, தரகு இல்லை. தராசும் எடைக்கற்களும் நிர்வாகத்தாராலேயே இலவசமாகக் கொடுக்கப்படுகின்றன. விடியற்காலையில் நிர்வாக அலுவலர் மொத்த விலையையும் சில்லறை விலையையும் விசாரித்து, மொத்த விலைக்குமேல் சுமார் நூற்றுக்கு 20 கூடுதலாகவும், வெளிச் சில்லறை விலைக்குச் சுமார் நூற்றுக்கு 15 குறைவாகவும் இருக்கும்படி அன்றைய விலையை நிர்ணயித்து, யாவரும் பார்க்கும் பலகையில் எழுதிவைக்கின்றார்.

இதன் பலனை ஓர் உதாரணத்தால் விளக்குவோம். கணக்குக்காக, கத்தரிக்காய் ஒரு கிலோ மண்டியில் 20 ரூபாய்க்கும், தெருக்கடையில் 32 ரூபாய்க்கும் விற்பதாக வைத்துக்கொள்வோம். மொத்த விலையோடு நூற்றுக்கு 20 சேர்த்தால் 24 ரூபாய். சில்லறை விலையில் நூற்றுக்கு 15 தள்ளினால் 27 ரூபாய் 20 காசு. இவ்விரண்டுக்கும் இடையே 25 ரூபாய் என்று சந்தை விலை குறிக்கப்படலாம். 40 கிலோ கொண்டுவந்த குடியானவருக்கு மண்டியில் 800 ரூபாய் விலையாகும். தரகு நூற்றுக்கு 10 என்று கொண்டால் 80 ரூபாய் கழிந்து 720 ரூபாய் கையில் வரும். உழவர் சந்தையில் அதே சரக்கு முழுவதும் விற்றால் 1,000 ரூபாய் கிடைக்கும். வாங்கும் நெசவாளர் வீட்டாருக்கோ கிலோவுக்கு 7 ரூபாய் மிச்சம். ஒருவருடைய லாபம் மற்றவருடைய நஷ்டமாக இல்லாமல், இருவருக்கும் அனுகூலமாக முடிவது இம்முறையின் சிறப்பாகும்.

பிள்ளையார்பாளையத்தின் தேவை

இந்த 7 ரூபாயை அற்பமென்று எண்ணலாகாது. பட்டுச் சேலை நெய்வோருக்கு மாதச் சம்பளம் இல்லை. சேலை அறுத்துக் கொடுத்தால் கூலி. ஒரு சேலைக்கு இரண்டு வாரமும் அதற்கு மேலும் ஆகலாம். ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் அடைமழை பிடித்தால் தெருவில் பாவு விரித்துக் கஞ்சி போட்டு உலர்த்த இயலாது. குழித்தறிகளில் நீர் ஊறிவிடுவதும் உண்டு. வேலை நின்றால் கூலியும் நிற்கும். அதே மாதங்களில்தான் தோட்டங்கள் நீரில் மூழ்கிக் காய்கறி விலை ஏறுகின்றது. ஆகவே வருமானம் குறையும் காலமும் செலவு கூடும் காலமும் நெசவாளருக்கு ஒன்றாகவே வந்து சேருகின்றன. வீட்டிலே காய் குறைந்தால் முதலில் குறைவது தாய்மாரின் பங்கு என்பதை யாவரும் அறிவோம்.

குடியானவருக்கு இதில் என்ன லாபம் என்று கேட்கலாம். மழைக் காலத்தில் தாழ்ந்த பாத்திகளை விட்டு, மேட்டுப் பாத்தியில் கீரையும், பந்தலில் புடல், பீர்க்கு, பாகல் முதலியவையும் பயிரிட்டு, வடிகாலை ஒழுங்காக வைத்திருப்பவரிடம் அம்மாதங்களில் சரக்கு இருக்கும். விலையும் நன்றாக இருக்கும். அவர் அக்காலத்தில் சந்தைக்குத் தவறாமல் வருவாரானால், கோடையில் சரக்கு மலிந்து விலை விழும்போது அதே வாடிக்கையாளர்கள் அவரைத் தேடி வருவார்கள். இவ்வித நிலையான வாடிக்கை மண்டியில் ஒருநாளும் கிடைப்பதில்லை.

2020-ஆம் வருஷத்தில் கொரோனா நோய் பரவியபோது, மே மாதம் 5-ஆம் தேதி கோயம்பேட்டுச் சந்தை மூடப்பட்டது. பல ஊர்களில் குடியானவர்கள் பறித்த காயை என்ன செய்வதென்று அறியாமல் திகைத்தார்கள். நகரத்தார் காய் கிடைக்காமல் தவித்தார்கள். தூரத்துப் பெருஞ்சந்தை ஒன்றை மாத்திரம் நம்பியிருப்பது இருசாராருக்கும் அபாயம் என்பதும், பக்கத்து ஊருக்கும் நகரத்துக்கும் நேர்த் தொடர்பு எப்போதும் இருந்துவருதல் அவசியம் என்பதும் அப்போது வெளிப்பட்டன.

யாருக்கு ஏற்றது, யாருக்கு ஏற்றதன்று

எல்லாச் சரக்கையும் உழவர் சந்தைக்குக் கொண்டுவர வேண்டும் என்று நாம் கூறவில்லை. காலைப் பொழுது முழுவதும் ஓர் ஆள் அங்கே இருக்கவேண்டும். விற்காமல் மிஞ்சியதற்கும் வழி தேடவேண்டும். 30 முதல் 60 கிலோ வரையில் பலவகைக் காய்களாகக் கொண்டுவரும் சிறு நிலத்தாருக்கு அது மிகவும் ஏற்றது. ஒரே பறிப்பில் நானூறு ஐந்நூறு கிலோ எடுக்கும் பெரிய தோட்டக்காரர் மொத்தச் சந்தையை நாடுவதே சரி. அவரும் விலையை முன்கூட்டி விசாரித்து, எடைச்சீட்டும் பணச்சீட்டும் கேட்டு வாங்கவேண்டும். முன்பணம் வாங்கிய மண்டிக்கே சரக்கைப் போட்டாகவேண்டும் என்ற கட்டு ஏற்படுமாயின், வட்டி இல்லாத கடன் என்று அதை நினைத்தல் கூடாது. வட்டி விலையிலே பிடிக்கப்படுகின்றது.

நெல் விஷயம் வேறு. சொர்ணவாரி, சம்பா, நவரை ஆகிய போகங்களில் விளைந்த நெல்லுக்கு ஒழுங்குமுறை விற்பனைக் கூடமும், நேரடி நெல் கொள்முதல் நிலையமும் உண்டு. கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் நூற்றுக்கு 17-க்கு மேற்படலாகாது என்பது பொது விதி. களத்தில் நன்றாக உலர்த்தித் தூற்றிக் கொண்டுபோனால் திரும்பி வரவேண்டிய கஷ்டம் நேராது.

கிராம உத்தியோகஸ்தரின் பொறுப்பு

உழவர் சந்தையின் ஜீவநாடி அடையாள அட்டையாகும். சிட்டா, அடங்கல் முதலிய தஸ்தாவேஜுகளையும், கிராம நிர்வாக அலுவலரின் சான்றையும், தோட்டத்தை நேரில் பார்த்த வேளாண்மை அல்லது தோட்டக்கலை உத்தியோகஸ்தரின் குறிப்பையும் ஆதாரமாகக் கொண்டே இந்த அட்டை வழங்கப்படுகின்றது. சந்தையில் உட்கார்ந்திருப்பவர் மெய்யாகவே விளைவித்தவர்தானா என்பதற்கு இதைத் தவிர வேறு அத்தாட்சி இல்லை.

இவ்விடத்தில் நேரும் தவறு முழு ஏற்பாட்டையும் கெடுத்துவிடும். பயிர் இல்லாத நிலத்தைப் பயிருள்ளதாக அடங்கலில் எழுதினாலும், அறிமுகமானவர் என்று தாட்சணியம் பார்த்துச் சான்று கொடுத்தாலும், மண்டியிலிருந்து சரக்கு வாங்கி வரும் வியாபாரி ஒருவர் உழவர் கடையில் உட்காருவார். அவரிடம் நாள்தோறும் எல்லாக் காயும் இருக்கும். அவர் முன்னதாக வந்து நல்ல இடத்தைப் பிடிப்பார். வாரத்தில் மூன்று நாள் மாத்திரம் பறித்துக் கொண்டுவரும் குடியானவர் மூலையில் ஒதுங்கி, சில மாதங்களில் வராமலே நின்றுவிடுவார். பிறகு அங்கே இருப்பது வாடகையில்லாத வியாபாரிக் கடையே. மேசைமேல் இடப்பட்ட ஒரு கையெழுத்து, பத்துக் கல் தொலைவிலுள்ள ஒரு தோட்டத்தைத் தரிசாக்கிவிடக்கூடும் என்பதைக் கிராம உத்தியோகஸ்தர்கள் கருதவேண்டும்.

ஆகவே அடங்கலில் காய்கறிப் பயிர்களைப் பெயர் குறித்தும் பரப்புக் குறித்தும் பருவந்தோறும் பார்த்து எழுதவேண்டும். குத்தகைக்கும் வாரத்துக்கும் உழுபவர் பெயர்ப் பட்டாவில் நிலம் இராது. அவர்களே பெரும்பாலும் கீரையும் காயும் பயிரிடுவோர். நிலமுடைய கனவான்கள் தம் நிலத்தில் உழுபவர் அட்டை பெறுவதற்குத் தடை சொல்லாமல் வேண்டிய சம்மதத்தை அளிப்பது, அவர்களுக்கும் குத்தகை நிலுவையின்றி வருவதற்கு உபாயமாகும்.

குடியானவர்கள் அனுசரிக்கவேண்டியவை

1. காஞ்சியின் திருவிழாக்களை அனுசரித்துப் பயிரிடுக. வைகாசியில் வரதராஜப் பெருமாள் கோயில் கருட சேவைக்கு ஜனங்கள் திரளாக வருகின்றனர். கத்தரி நட்ட 55 அல்லது 60 நாட்களில் முதற் பறிப்புக்கு வருமாதலால், பங்குனியில் நடவு செய்தால் வைகாசியில் காய் கிடைக்கும். புரட்டாசியில் மாமிசம் விலக்குவோர் பலர். அம்மாதம் காய்கறி தேவை மிகும். வெண்டை 45 நாட்களில் காய்க்குமாகையால் ஆடிப் பிற்பகுதியிலும், முளைக்கீரை 25 நாட்களில் அறுப்புக்கு வருமாகையால் ஆவணிக் கடைசியிலும் விதைக்கலாம்.

2. ஒரே நாளில் எல்லாவற்றையும் விதையாமல், பத்து நாளுக்கு ஒரு பாத்தியாக விதைத்தால் வாரந்தோறும் சரக்கு தொடர்ந்து வரும்.

3. வெண்டையை ஒருநாள் விட்டு ஒருநாள் பறிக்கவேண்டும்; முற்றிய காய் ஒன்று கூடையிலுள்ள மற்றவற்றின் மதிப்பையும் கெடுக்கும். கத்தரியைக் காம்போடு பறிக்கவேண்டும். கீரையை ஈரச் சாக்கால் மூடிக் கொண்டுவரவேண்டும். தக்காளியைச் சாக்கில் கட்டாமல் கூடையிலோ பிளாஸ்டிக் பெட்டியிலோ அடுக்கவேண்டும்.

4. பூச்சி மருந்து தெளித்தால், புட்டியின்மேல் குறித்துள்ள காத்திருப்பு நாட்கள் கழியுமுன் காயைப் பறிக்கலாகாது. சந்தைக் காயை நம்பி வாங்கும் வீட்டில் குழந்தைகளும் உண்பார்கள்.

5. நல்லது, நடுத்தரம், சொத்தை என்று வீட்டிலேயே பிரித்துக்கொண்டு வரவேண்டும். மேலே நல்லதும் அடியில் சொத்தையும் வைத்து விற்பவர் ஒருநாள் விற்கலாம். மறுநாள் அவருடைய கூடையை ஒருவரும் தொடார்.

6. சொந்தத் தராசு வைத்திருப்போர் அதன் முத்திரையைக் கவனிக்கவேண்டும். 2009-ஆம் வருஷத்துச் சட்ட முறை எடையளவுச் சட்டத்தின் கீழ், கைத்தராசும் எடைக்கற்களும் 24 மாதத்துக்கு ஒரு முறையும், மின்னணுத் தராசு 12 மாதத்துக்கு ஒரு முறையும் பரிசோதிக்கப்பட்டு முத்திரை பெறவேண்டும். மண்டியில் எடை போடும்போதும் இம்முத்திரையைக் காட்டும்படி கேட்கக் குடியானவருக்கு உரிமை உண்டு.

7. தனித்து வர இயலாதவர்கள் நாலைந்து பேராகச் சேர்ந்து, அட்டையுள்ளவர்கள் முறை வைத்துக்கொண்டு வரலாம். வண்டிக் கூலி குறையும். ஒவ்வொருவருக்கும் வாரத்தில் சில நாள் வயல் வேலைக்கு மிஞ்சும்.

மேற்கண்டவற்றுள் எதுவும் பெரும் பணச் செலவை வேண்டுவதன்று. சரியான பயிர்க் கணக்கு, சரியான சான்று, சரியான எடை, தவறாத வருகை ஆகிய இவை நான்கும் அமைந்தால், காஞ்சிபுரத்துச் சுற்றுக் கிராமங்களுக்குக் கைப்பணமும், பிள்ளையார்பாளையத்துத் தறிக்காரர் வீடுகளுக்கு மலிந்த விலையில் புதிய காயும் நாள்தோறும் கிடைத்துவரும். அட்டை பெறுவதைக் குறித்தும், அன்றாட விலைகளைக் குறித்தும் விவரம் வேண்டுவோர் தங்கள் பகுதி உழவர் சந்தை நிர்வாக அலுவலரையாவது, வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்தையாவது நேரில் அணுகித் தெரிந்துகொள்ளலாம். அடுத்த பருவ விதைப்புக்கு முன்பே விண்ணப்பித்தல் நலம்.